பழைய எண், புதிய எண்

அம்பத்தூர் ஓ.டி.யில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடைதான் கூரியர் பையன்களுக்கு விசாரணை அலுவலகம். ஒருநாள் ஒரு பையன் பார்சலை நீட்டி, "அண்ணே, பழைய நம்பர் 14, புது நம்பர் 31ன்னு போட்டிருக்கு. அந்தத் தெருவுல 31 ரெண்டு இருக்குண்ணே" என்றான். ஒன்று புதிய 31. இன்னொன்று, பலகையை மாற்றச் சோம்பல்பட்ட யாரோ ஒருவரின் பழைய 31. மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார். "அவரை எனக்குத் தெரியாது. ஆனா தெரு முனையில அயர்ன் வண்டி நிக்கும் பாரு, அவரைக் கேளு. அந்தத் தெரு துணி பூரா அவர்கிட்டதான் வருது."

பையன் போனான். ஐந்து நிமிடத்தில் கையை ஆட்டிக்கொண்டே வண்டியில் திரும்பிப் போய்விட்டான்.

மாஸ்டருக்கு விடை தெரியாது. விடை தெரிந்தவர் யாரென்று தெரியும். இணையத்தின் பெயர்ப் புத்தகமான டி.என்.எஸ். இயங்குவது இந்த முறையில்தான். இதை நான் இன்ஜினியரிங் நான்காண்டில் படிக்கவில்லை. பரீட்சைக்கு ஐந்து மதிப்பெண் கேள்வியாக மனப்பாடம் செய்தேன், அவ்வளவுதான். உண்மையில் கற்றுக்கொண்டது வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருடம், ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி.

ஒரு வாடிக்கையாளரின் ஆர்டர் தளத்தைப் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றும் பொறுப்பு எனக்கு. பெயர் அதேதான், பின்னாலிருக்கும் ஐ.பி. எண் மட்டும் மாறும். மாற்றினேன், சோதித்தேன், எனக்குப் புதியது வந்தது. வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டேன். சனிக்கிழமை காலை மேனேஜர் போன் செய்தார். "மாத்தியாச்சா இல்லையா?" "மாத்தியாச்சு சார்." "அப்ப ஏன் பாதிப் பேருக்குப் பழசு வருது?" அந்தப் பெயர்ப் பதிவில் 86,400 என்று ஓர் எண் இருந்தது. நொடிக் கணக்கு, ஒரு முழு நாள். ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்ட விடையை ஒரு நாள்வரை நினைவில் வைத்திருக்கலாம், மறுபடி வந்து கேட்க வேண்டாம் என்று உலகத்துக்கெல்லாம் நாங்களே எழுதிக் கொடுத்திருந்த அனுமதி அது. மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே அதை ஐந்து நிமிடமாகக் குறைத்திருக்க வேண்டும். நான் அதைப் பார்க்கவே இல்லை. பாதி சப்ளையர்கள் காலி செய்த வீட்டு வாசலில் ஆர்டர்களைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை இரவுவரை இரண்டு சர்வர்களிலும் இருந்ததை வரிவரியாக ஒட்டுப்போட்டோம்.

அதன் பிறகுதான், இதை யார் இப்படி வடிவமைத்தது என்ற கோபத்தில், பழைய ஆவணங்களைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்கக் கோபம் போய்விட்டது.

*

ஆரம்பத்தில் ஒரே ஒரு கோப்புதான் இருந்தது. ஹோஸ்ட்ஸ் டாட் டெக்ஸ்ட் என்று பெயர். அமெரிக்க ராணுவத்தின் நிதியில் 1969-இல் நான்கு கணினிகளோடு தொடங்கிய ஆர்ப்பாநெட்டில் எந்தப் பெயருக்கு எந்த எண் என்று வரிசையாக எழுதிய பட்டியல். கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், எஸ்.ஆர்.ஐ. என்ற ஆய்வு நிறுவனத்தில் இருந்த தகவல் மையம் அதைப் பராமரித்தது. 1972 முதல் 1989 வரை அந்த மையத்தை நடத்தியவர் எலிசபெத் ஃபெய்ன்லர். 'ஜேக்' என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். அவர் படித்தது வேதியியல். கணினி மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கல்பார்ட்தான் அவரை இந்த வேலைக்கு இழுத்து வந்தார்.

புதிதாகக் கணினி வாங்கிய பல்கலைக்கழகம் ஃபெய்ன்லரின் குழுவுக்குச் சொல்லி அனுப்பும். பெயர் ஏற்கெனவே வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பார்கள். மற்ற கணினிகளின் நிர்வாகிகள் அவ்வப்போது வந்து முழுக் கோப்பையும் நகலெடுத்துக்கொண்டு போவார்கள். எங்கள் வீட்டு அலமாரியில் இருந்த சென்னைத் தொலைபேசி டைரக்டரிபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சாகி வரும்போதே அதில் பாதி பழசாகியிருக்கும். புதுசு வேண்டுமானால் 197-க்குச் சுற்ற வேண்டும்; லைன் கிடைக்காது.

1983 ஆகஸ்டில் வலையமைப்பில் இருந்த கணினிகள் 562. ஒரு மாநகரப் பேருந்து நடத்துனர் அவ்வளவு முகங்களை நினைவில் வைத்திருப்பார். 1987 டிசம்பரில் அதுவே 28 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. பட்டியல் நீள்வது ஒரு பிரச்சினை. பட்டியலைத் தேடி வருபவர்களின் எண்ணிக்கையும் கூடவே பெருகுவது அதைவிடப் பெரிய பிரச்சினை. எல்லாவற்றையும் தெரிந்துவைத்திருக்கும் ஓர் அலுவலகம் என்ற ஏற்பாடே இனி தாங்காது.

தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையத்தில் ஜான் போஸ்டல் என்பவர் இருந்தார். இணையத்தின் எண்களுக்கெல்லாம் ஏறக்குறைய அவர்தான் கணக்குப்பிள்ளை. பெயர்ப் பிரச்சினைக்கு வந்திருந்த ஐந்து யோசனைகளை இளைஞரான பால் மொகபெட்ரிஸிடம் கொடுத்து, இவற்றுக்கிடையில் ஒரு சமரசம் செய்து தா என்றார். மொகபெட்ரிஸ் ஐந்தையும் ஓரமாக வைத்துவிட்டுத் தானே புதிதாக ஒன்றை எழுதினார். 1983 நவம்பரில் ஆர்.எஃப்.சி. 882, 883 என்ற இரண்டு ஆவணங்களாக வெளிவந்தது. (வேலையிடத்தில் நான் இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறேன்.) நான்காண்டு அனுபவத்தில் திருத்தி 1987-இல் வந்த 1034, 1035 ஆகியவைதான் இன்றும் அடிப்படை.

அவர் செய்த காரியத்தை ஒரு வரியில் சொல்லலாம்: அவரவர் வீட்டுப் பெயர்களை அவரவரே வைத்துக்கொள்ளட்டும் என்றார். மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர் யாரென்று தெரிந்தால் போதும், அவருடைய வீட்டுக்குள் எத்தனை அறை என்று தெரிய வேண்டியதில்லை.

ஆவடியில் உட்கார்ந்துகொண்டு ஐ.ஐ.டி. மெட்ராஸின் தளத்தைத் திறக்கிறீர்கள். பெயர் 'ஐஐடிஎம் புள்ளி ஏசி புள்ளி இன்'. நாம் இடமிருந்து வாசிக்கிறோம். இயந்திரம் வலமிருந்து வாசிக்கும். தபால் பிரிப்பவர் உறையின் கடைசி வரியிலிருந்து மேலே போவதைப்போல. உங்கள் இணைய நிறுவனத்தின் ரிசால்வர் என்ற சர்வர் உங்களுக்காக அலையும் கூரியர் பையன். அது முதலில் ரூட் சர்வரிடம் போகும். ரூட்டுக்கு ஐ.ஐ.டி.யைத் தெரியாது, 'இன்' யாரிடம் இருக்கிறது என்று தெரியும். 'இன்' சர்வர் அடுத்த ஆளைக் காட்டும். இப்படி இறங்கி இறங்கி, கடைசியில் ஐ.ஐ.டி. தன் பெயர்களுக்காக வைத்திருக்கும் சர்வரிடமிருந்து எண் கிடைக்கும். அந்த விடையைத்தான் ரிசால்வர் கொஞ்ச காலம் மடியில் முடிந்துவைத்துக்கொள்ளும். அடுத்து பட்டாபிராமிலிருந்து ஒருவர் அதையே கேட்டால் அலையாமல் சொல்லிவிடும். என் வெள்ளிக்கிழமை ராத்திரியைக் கெடுத்த அதே நினைவு இல்லையென்றால், உலகம் முழுவதும் ஒவ்வொரு சொடுக்குக்கும் ரூட் சர்வர்களின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

இதே யோசனை நம் ஊரில் பதினோரு ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது என்று எனக்கொரு எண்ணம். 1972 ஆகஸ்ட் 15-இல் அறிமுகமான பின்கோடு. வடிவமைத்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் தபால் துறை அதிகாரி, சம்ஸ்கிருதக் கவிஞரும்கூட. 600 053 என்று எழுதினால் முதல் 6 கடிதத்தைத் தமிழ்நாடு, கேரளப் பக்கம் தள்ளும். 600 சென்னைக்குக் கொண்டுவரும். 53 அம்பத்தூரில் இறக்கும். மும்பையில் பிரிப்பவருக்கு அம்பத்தூர் எந்தத் திசையில் என்று தெரிய வேண்டாம். அம்பத்தூர் நகராட்சியாக இருந்து 2011-இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து 2018-இல் சென்னை மாவட்டத்துக்கு வந்தது. ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றிலும் முகவரி ஆட்டம் கண்டது. 600 053 மட்டும் அசையவில்லை.

*

இந்தியாவுக்கு 'இன்' என்ற இரண்டெழுத்து 1989 மே மாதம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது இங்கே இணையம் என்றால் எர்நெட்தான். மின்னணுத் துறை ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 1986-இல் தொடங்கிய கல்வி ஆய்வு வலையமைப்பு. ஐந்து ஐ.ஐ.டி.கள், பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி., பம்பாயின் என்.சி.எஸ்.டி., டெல்லியில் துறை அலுவலகம் என எட்டு இடங்கள். நம் பக்கத்தில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் மட்டும். 'இன்' பெயர்களைப் பராமரிக்கும் பொறுப்பு என்.சி.எஸ்.டி.க்குப் போனது. பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். வழியாக இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15-இல். ஆனால் 'இன்' பெயர் வாங்குவது நிபந்தனைகளும் காகிதங்களும் நிறைந்த வேலையாகவே இருந்தது. 1992 முதல் 2004 வரை பதிவானவை ஏறத்தாழ ஏழாயிரம் பெயர்கள்தான். அதனால் நம் ஆட்கள் எல்லோரும் 'காம்' பக்கம் போனார்கள். 2005-இல் விதிகளைத் தளர்த்தி யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றான பிறகுதான் கூட்டம் வந்தது.

அதே 2005-இல் இன்னொன்றும் நடந்தது, அதிகம் பேர் கவனிக்கவில்லை. உலகில் ரூட் சர்வர் பெயர்கள் பதின்மூன்றுதான். அந்தக் காலத்துத் தகவல் பொட்டலத்தின் 512 பைட்டுக்குள் அவ்வளவுதான் அடங்கும் என்பதால் வந்த கணக்கு அது. அவற்றில் பத்து அமெரிக்காவில் இருந்தன. ஆனால் ஒரே பெயரில், ஒரே எண்ணில், பல ஊர்களில் நகல் வைக்கலாம் என்ற உத்தி வந்த பிறகு, 'எஃப்' ரூட்டின் நகல் ஒன்று சென்னைக்கு வந்தது. அதற்கு முன்பு திருமுல்லைவாயிலில் இருந்து எழும் கேள்விக்கு முதல் வழிகாட்டி கடலுக்கு அப்பால் இருந்தார்.

யார் வழி சொல்கிறார் என்பது சும்மா தொழில்நுட்பக் கேள்வி இல்லை. 1998 ஜனவரி 28 அன்று போஸ்டல் எட்டு ரூட் சர்வர் நிர்வாகிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பி, இனி மூலப்பட்டியலை என் இடத்திலிருந்து எடுங்கள் என்றார். அவர்களும் மறுபேச்சில்லாமல் மாற்றினார்கள். அமெரிக்க அரசு பதறியது. சோதனைக்காகச் செய்தேன் என்று சொல்லிப் பழையபடி மாற்றிவிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் இறந்துபோனார். உலகத்தின் பெயர்ப் புத்தகம் சில மனிதர்களுக்கு இடையிலான நம்பிக்கையில் நின்றிருந்தது என்பது அன்றுதான் பலருக்கு உறைத்தது.

நம்பிக்கையின் இன்னொரு பக்கம் 2008-இல் தெரிந்தது. ரிசால்வர் கேள்வி அனுப்பிவிட்டுக் காத்திருக்கும்போது, சரியான குறியீட்டு எண்ணோடு முதலில் வந்த பதிலை நம்பிவிடும். அந்த எண்ணுக்கு மொத்தமே 65,536 சாத்தியங்கள். பொய்ப் பதில்களைச் சரமாரியாக அனுப்பினால் ஏதாவது ஒன்று பொருந்திவிடும் என்று டான் காமின்ஸ்கி கண்டுபிடித்தார். அதை வைத்துப் பணம் பார்க்காமல், பெரிய நிறுவனங்களை எல்லாம் ரகசியமாகக் கூட்டி, ஜூலையில் ஒரே நாளில் திருத்தம் வெளியிட வைத்தார். முதலில் வந்த பொய் நிலைத்துவிடும் என்பதற்கு எங்கள் பக்கத்தில் ஆவடியே சாட்சி. ஏதோ ஆங்கில ராணுவப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துத்தான் 'ஆவடி' வந்தது என்று ஆட்டோக்காரர் முதல் ஆசிரியர் வரை சொல்வார்கள். டாங்கித் தொழிற்சாலை வந்தது 1961-இல். காங்கிரஸ் மாநாடு இதே ஆவடியில் 1955-இலேயே கூடிவிட்டது. சொல்லிப் பார்த்துவிட்டேன், யாரும் கேட்பதில்லை.

*

இனி என் சொந்தக் கதை.

பூந்தமல்லிக்குப் பக்கத்தில் அப்பாவுக்கு ஒரு பட்டறை உண்டு. மூன்று லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஜாப் ஒர்க். பட்டறைப் பெயரில் ஊர்ப்பெயரைச் சேர்த்திருக்கிறார். அதுவும் பூந்தமல்லி என்றோ பூனமல்லி என்றோ இல்லை, பூவிருந்தவல்லி என்று முழுசாக. "ஒரு வெப்சைட் போடுடா" என்று அவர் சொன்னபோது ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்த்தேன். 'பூ'வுக்கு இரண்டு ஓ-வா, ஒரு யு-வா? 'ந்த'வுக்கு எச் வேண்டுமா? 'வ'வுக்கு எந்த வி? ஒரு பெயருக்கு எட்டுப் பத்து வடிவம். போனில் சொன்னால் ஒருவரும் சரியாக அடிக்க மாட்டார்கள்.

இது அரசாங்கத்துக்கும் முடியாத காரியம். 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியானது. எங்கள் அம்பத்தூருக்கு நடுவில் ஓர் எச்சும் கடைசியில் இரண்டு ஓ-வும் கிடைத்தன. பூந்தமல்லி பூவிருந்தவல்லி ஆனது. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். வேலூரைப் பார்த்து ஊரே சிரித்தது. பத்து நாள்கூட ஆகவில்லை, திரும்பப் பெறுகிறோம் என்று தமிழ் வளர்ச்சித் துறை அமைச்சர் அறிவித்தார். அவர் அப்போது ஆவடித் தொகுதியின் எம்.எல்.ஏ. "நாலு நாள் நம்ம பேரு சரியா இருந்துச்சு" என்றார் அப்பா.

சிக்கலின் வேர் ஆர்ப்பாநெட் காலத்து விதியில் இருக்கிறது. பெயர் என்றால் இருபத்தாறு ஆங்கில எழுத்து, பத்து எண், ஒரு சிறுகோடு. மொத்தம் 37 குறிகள். அன்று பட்டியலில் இருந்தவர்களுக்கு அதுவே தாராளம். இதை முதலில் உடைக்கப் பார்த்தவர்களில் முக்கியமானவர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ. எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமியோடு சேர்ந்து 1995-இல் தமிழ்க் கவிதைகளை வலையில் ஏற்றியவர். 1998-இல் அவருடைய குழு பிறமொழி எழுத்துகளில் தளப்பெயர் என்ற யோசனையைச் செய்து காட்டத் தொடங்கியது. கோவிந்தசாமி மறு வருடமே இறந்துவிட்டார்.

2003-இல் பொதுவான தீர்வு வந்தது, பெயர் ப்யூனிகோட். தீர்வு என்றால் அரைத் தீர்வு. டி.என்.எஸ்.ஸை யாரும் தொடவில்லை. 37 குறிகள் அப்படியே இருக்கும். தமிழ்ப் பெயரை நம் கணினியே அந்த 37-க்குள் அடங்கும் ஒரு சங்கேதமாக மாற்றி அனுப்பும், வந்ததைத் திரும்பத் தமிழாகக் காட்டும். 'இந்தியா' என்ற நான்கெழுத்து உள்ளே போகும்போது 'எக்ஸ் என்' என்று தொடங்கி, இரண்டு சிறுகோடு போட்டு, 'எக்ஸ் கே சி 2 டி எல் 3 ஏ 5 இ இ 0 எச்' என்று ஆகிவிடும். கேட்டால் இன்ஜின் நம்பர் மாதிரி இருக்கும்.

2007 அக்டோபரில் ஐகான் அமைப்பு பதினோரு மொழிவடிவங்களில் சோதனைப் பெயர்களை ரூட்டில் ஏற்றியது. இந்திய மொழிகளில் இந்தியும் தமிழும் மட்டும். உலகப் பெயர்ப் புத்தகத்தின் உச்சியில் தமிழ் எழுத்து ஏறிய முதல் தருணம். என்ன எழுதினார்கள் தெரியுமா? 'உதாரணம் புள்ளி பரிட்சை'. பரீட்சை இல்லை, பரிட்சை. குறில். 2013-இல் அகற்றப்படும்வரை ஆறு வருடம் அந்த எழுத்துப்பிழை அங்கே உட்கார்ந்திருந்தது. எனக்கு இதில் வருத்தமா சிரிப்பா என்று இன்றைக்கும் முடிவாகவில்லை.

பிறகு 2010-இல் 'இலங்கை', 2011-இல் 'சிங்கப்பூர்', 'இந்தியா' மூன்றும் ரூட்டுக்கு வந்தன. அந்த ஆண்டு இந்தியாவுக்குக் கிடைத்த ஏழு எழுத்துவடிவங்களில் மற்ற ஆறிலும் 'பாரத்' என்றிருக்க, தமிழில் மட்டும் 'இந்தியா'. இதற்குள்ளும் பொறிகள் உண்டு. 'ஔவையார்' என்று ஒற்றை எழுத்தால் தொடங்கலாம். 'ஒ' போட்டுப் பக்கத்தில் 'ள' போட்டும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒரே கிழவி. சர்வருக்கு இரண்டு வெவ்வேறு ஆட்கள்.

அப்பாவுக்கு 'இந்தியா'வில் ஒரு பெயர் வாங்கினேன். முழுக்கத் தமிழ். திரையில் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். அந்த வாரமே விசிட்டிங் கார்டு அடித்தார். அதற்கடுத்த வாரம் ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தின் சப்ளையர் படிவத்தில் எங்கள் தளப்பெயரைப் போட்டோம்: 'செல்லாத முகவரி' என்று சிவப்பில் வந்தது. தமிழ்ப் பெயரில் மின்னஞ்சலுக்கு விதிமுறை 2012-லேயே வந்துவிட்டது. ஆனால் அனுப்பியது போய்ச் சேருமா என்பது எதிர்ப்பக்கத்து மென்பொருளின் மனநிலையைப் பொறுத்தது. வாட்ஸ்அப்பில் நகலெடுத்து ஒட்டினால் சில நேரம் அந்த இன்ஜின் நம்பர்தான் போகிறது. ஒரு பழைய வாடிக்கையாளர் போன் செய்து, "என்ன சார், உங்க பேர்ல ஏதோ வைரஸ் லிங்க் வருது" என்றார். அப்பா அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

மொகபெட்ரிஸின் அமைப்பில் இதற்குத் தடை ஏதும் இல்லை. ரூட் ஒழுங்காக வழி காட்டுகிறது, 'இந்தியா' ஒழுங்காக வழி காட்டுகிறது, எங்கள் சர்வர் ஒழுங்காக விடை சொல்கிறது. பெயர் ஊர் எல்லைவரை வந்துவிடுகிறது. கடைசித் தெருவில், என்னைப்போன்ற யாரோ ஒரு மென்பொருள்காரன் பத்து வருடம் முன்பு எழுதிய படிவம் வாசலில் நிறுத்திவிடுகிறது. நானும் அப்படி எழுதியிருக்கிறேன். தளப்பெயர் என்றால் 37 குறிகள் என்று நானே எத்தனை இடத்தில் சரிபார்த்திருப்பேன்!

இப்போது ஆங்கில எழுத்திலும் ஒரு பெயர் வாங்கி, இரண்டையும் ஒரே சர்வருக்குத் திருப்பியிருக்கிறேன். கார்டின் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்று ஒருமுறை கேட்டேன். பதில் சொல்லவில்லை.

போன மாதம் தமிழ்ப் பெயருக்குப் புதுப்பிப்பு மின்னஞ்சல் வந்தது. தலைப்பில் 'எக்ஸ் என்' என்று தொடங்கும் நீளச் சரம், கீழே தொகை. போனை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"யார்றா இது?"

"நம்ம பட்டறைதாம்பா."

இன்னொரு முறை பார்த்தார். "கட்டிடு" என்றார்.